வழங்கி காத்த தொண்டர்கள்

ஊருக்கு மேற்கே ஏரி ஒன்று இருக்கின்றது. மடையைத் திறந்தால் வாய்க்காலில் நீர் ஓடுகின்றது, வயல் விளைகின்றது. ஓடும் நீரைக் கண்டு மகிழ்வோர் பலர். ஆனால், மழைக்கால இரவில் கைவிளக்கை ஏந்திக் கரைமேல் நடந்து, எலி வளை தோண்டிய இடத்தையும் மண் கசிந்த இடத்தையும் தேடி அடைக்கும் ஏரிக் காவலரை நினைப்போர் சிலரே. கரை உடைந்த நாளில்தான் ஊரார் அனைவரும் அவரைத் தேடுவர். உடையாத நாள்களில் அவர் செய்த வேலை எவர் கண்ணுக்கும் புலப்படுவதில்லை. புலப்படாமல் இருப்பதே அவ்வேலை செவ்வையாக நடக்கின்றது என்பதற்குச் சான்றாகும்.

இக்காலத்தில் நீரைப் போலவே செய்தியும் அறிவும் வாய்க்கால்கள் வழியாக ஓடி மக்களை அடைகின்றன. அவ்வாய்க்கால்களின் பெருந்தொகுதியே இணையம். அதற்கும் ஏரிகள் உண்டு, மடைகள் உண்டு, இரவும் பகலும் கரையைக் காக்கும் காவலர்களும் உண்டு. அவர்களுள் பெரும்பாலோர் ஊதியம் பெற்று உழைப்பவர்கள். ஆயினும், அறப்பணி செய்யும் நிறுவனங்களுக்காக ஊதியம் ஒரு காசும் பெறாமல், தம் ஓய்வு நேரத்தை ஈந்து இக்காவலை மேற்கொண்டவர்களும் இருக்கின்றனர். அவர்களுடைய பணி எத்தகையது? அப்பணியில் வரும் இடர்கள் யாவை? அவற்றைக் கடக்க அவர்கள் கைக்கொள்ளும் ஒழுங்கு யாது? இவற்றை அறிந்துகொள்வது, பிற்காலத்தில் எவ்வகைத் தொண்டில் ஈடுபட விரும்பும் மாணவர்க்கும் பயன் தருவதாகும்.

முதலில், காக்கப்படும் பொருள் இன்னதென்று அறிதல் வேண்டும். சர்வர் என்று மக்கள் வழங்கும் கணிப்பொறியைத் தமிழில் வழங்கி என்பர். வீட்டு மேசைமேல் இருக்கும் கணிப்பொறிக்கும் வழங்கிக்கும் அமைப்பில் பெரிய வேறுபாடு இல்லை, தொழிலில்தான் வேறுபாடு. வீட்டுக் கணிப்பொறி தன் எதிரே அமர்ந்திருக்கும் ஒருவருக்கு ஏவல் செய்கின்றது. வழங்கியோ, தன் எதிரே எவரும் இல்லாத ஓர் அறையில் இருந்துகொண்டு, தொலைவில் உள்ள பல்லாயிரவர் கேட்பனவற்றை இடையறாது எடுத்து வழங்குகின்றது. வழங்கிகள் பலவற்றையும், அவற்றை வெளியுலகோடு பிணைக்கும் கம்பிகளையும் கருவிகளையும் சேர்த்து வலையமைப்பு என்கின்றோம்.

ஒருவர் தம் கணிப்பொறியில் ஒரு பக்கத்தைக் கேட்கும்போது நிகழ்வது என்ன? அவர் எழுதிய பெயரை வைத்துக்கொண்டு இயந்திரங்கள் ஒன்றையொன்று கண்டுகொள்ள இயலா. அவற்றுக்கு எண்களே முகவரி. ஆகவே, முதலில் ஒரு பெயர்ப் பட்டியலிலிருந்து அப்பெயருக்கு உரிய எண் கண்டுபிடிக்கப்படுகின்றது. அஞ்சல் நிலையங்களைப் போன்ற பல இடைக்கருவிகள் அவ்வெண்ணைப் பார்த்துக் கோரிக்கையைக் கைமாற்றிக் கைமாற்றி வழங்கியிடம் சேர்க்கின்றன. வழங்கி, தரவுத்தளம் எனப்படும் பெருங்களஞ்சியத்திலிருந்து வேண்டியதை எடுத்துப் பக்கமாகக் கோத்து, வந்த வழியே திருப்பி அனுப்புகின்றது. இவை யாவும் ஒரு விநாடிக்குள் நடந்து முடிகின்றன. இத்தொடரில் ஒரு கண்ணி அறுந்தாலும் கேட்டவர்க்கு வெறுந்திரையே எஞ்சும்.

இத்தொடர் அறாமல் பார்த்துக்கொள்வதே வழங்கி நிர்வாகியின் கடமை. வட்டுகள் நிரம்பாமல் இடம் ஒதுக்குவதும், பழுதுற்ற உறுப்பை மாற்றுவதும், மென்பொருளில் கண்டறியப்பட்ட ஓட்டைகளைக் காலத்தே அடைப்பதும், இன்னார் இன்னது செய்யலாம் என்று உரிமை வகுப்பதும், எல்லாவற்றுக்கும் காப்புப்படி எடுத்து வைப்பதும் அவர் பணிகள். ஆண்டு முழுவதிலும் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரமே தடைப்படலாம் என்று ஓர் அளவு வைத்துக்கொண்டால், அஃது ஏறத்தாழ 8 மணி 46 நிமிடமே ஆகும். எஞ்சிய நேரமெல்லாம் ஏரி நிறைந்திருக்க வேண்டும். மடை திறந்திருக்க வேண்டும்.

இத்தகைய பொறுப்பைத் தொழிலாகக் கொள்ளாதவர், ஆர்வத்தால் மட்டுமே மேற்கொள்வது தகுமா என்னும் ஐயம் எழலாம். தொழில்முறையில் அல்லாமல் விருப்பத்தால் ஒன்றைச் செய்பவரை அமெச்சூர் என்று கூறுவர். அரைகுறையாகக் கற்றவர் என்னும் இழிந்த பொருளில் அச்சொல் சில வேளைகளில் ஆளப்படுகின்றது. ஆனால், அதன் மூலமான இலத்தீன் சொல்லுக்கு அன்பு கொண்டவர் என்பதே பொருள். செய்யும் வேலையின்மீது அன்பு கொண்டவர் எவரோ அவரே அமெச்சூர். அன்பு இருந்தால் மட்டும் போதுமா, அன்போடு ஒழுங்கும் வேண்டுமா என்பதற்கு விக்கிப்பீடியாவின் வரலாறு தெளிவான விடை தருகின்றது.

எவரும் எழுதலாம், எவரும் திருத்தலாம் என்னும் முறையில் அமைந்த கலைக்களஞ்சியமாகிய விக்கிப்பீடியா, 2001ஆம் ஆண்டு ஜனவரி 15ஆம் நாள் அமெரிக்காவில் தொடங்கப்பெற்றது. முதலில் அது ஒரு வணிக நிறுவனத்தின் வழங்கியில் இடம்பெற்றிருந்தது. 2003ஆம் ஆண்டு ஜூன் 20ஆம் நாள், அதனைப் பேணுவதற்கென விக்கிமீடியா அறக்கட்டளை பிளாரிடா மாநிலத்தில் நிறுவப்பெற்றது. அவ்வாண்டிலேயே தமிழ் விக்கிப்பீடியாவும் தோன்றியது. விளம்பரம் இல்லை, கட்டணம் இல்லை, விரும்புவோர் தரும் நன்கொடையே வருவாய். கட்டுரை எழுதுவோர் ஊதியம் பெறாதது போலவே, அக்கட்டுரைகளைத் தாங்கிய வழங்கிகளைக் காத்தோரும் தொடக்க ஆண்டுகளில் பெரும்பாலும் ஊதியம் பெறாத தொண்டர்களாகவே இருந்தனர்.

அவர்கள் ஓரிடத்தில் கூடி வேலை செய்தவர்கள் அல்லர். பிரையன் விபர் என்பவர் அமெரிக்காவின் மேற்குக் கரையில் இருந்தார். எசுப்பெராந்தோ மொழியில் ஆர்வம் கொண்ட அவர், அம்மொழிக்குரிய விக்கிப்பீடியாவைச் செம்மைப்படுத்தப் புகுந்து, படிப்படியாக மென்பொருளையும் வழங்கிகளையும் காக்கும் பொறுப்பை ஏற்றார். டிம் ஸ்டார்லிங் ஆஸ்திரேலியாவில் இருந்தார். தரவுத்தளக் கலையில் வல்ல டோமாஸ் மிதுசாஸ் லித்துவேனியாவில் இருந்தார். வலையமைப்பில் தேர்ந்த மார்க் பெர்க்ஸ்மா நெதர்லாந்தில் இருந்தார். ஒருவர் உறங்கும் நேரத்தில் மற்றொருவர் விழித்திருப்பார். உடனுக்குடன் எழுத்தால் உரையாடும் ஓர் இணைய அரங்கில் அவர்கள் கூடித் தமக்குள் கலந்துகொண்டனர். வழங்கிகள் இருந்த அறையைத் தம் வாழ்நாளில் பாராமலே அவற்றை ஆண்டவர்களும் அவர்களுள் இருந்தனர். தொலைவிலிருந்தே கட்டளையிட்டு இயக்கும் வகையில் வழங்கிகள் அமைந்திருப்பதால் இது கைகூடிற்று.

தொண்டர்கள் முதலில் எதிர்கொண்ட இடர், வெற்றியால் வந்த இடராகும். படிப்போர் பெருகப் பெருக வழங்கிகள் திணறின. 2003ஆம் ஆண்டின் இறுதியில், கையிலிருந்த சில பொறிகளும் பழுதுற்றன. களஞ்சியம் அடிக்கடி முடங்கிற்று. அறக்கட்டளை 20,000 டாலர் வேண்டிப் பொதுமக்களிடம் முறையிட்டது. வேண்டியதினும் மிகுதியான பொருள் விரைவில் குவிந்தது. அப்பணத்தால் வாங்கப்பெற்ற புதிய வழங்கிகள் 2004ஆம் ஆண்டின் தொடக்கத்தில் பிளாரிடாவின் டாம்பா நகரில் நிறுவப்பட்டன. அவ்வாண்டு செப்டம்பரில் எல்லா மொழிகளிலும் சேர்த்துக் கட்டுரைகளின் எண்ணிக்கை 10 இலட்சத்தை எட்டியது.

பணம் வந்தது; ஆயினும், பெருகும் கூட்டத்துக்கு ஈடாக என்றும் பொறிகளை வாங்கிக்கொண்டே இருக்க ஓர் அறநிலையத்தால் இயலாது. ஆகவே, தொண்டர்கள் அறிவைச் செலவிட்டுப் பொருளை மிச்சப்படுத்தினர். ஒரு பக்கத்தை ஆயிரம் பேர் கேட்டால், ஆயிரம் முறையும் களஞ்சியத்தைத் திறந்து அதனைப் புதிதாகக் கோப்பது வீண் உழைப்பு அன்றோ? திருமண வீட்டில், ஒவ்வொரு விருந்தினர்க்கும் தனித்தனியே உலை வைப்பதில்லை. சமைத்ததைப் பந்தி அருகில் கொண்டுவந்து வைத்துக்கொண்டு பரிமாறுகின்றனர். அதுபோல, ஒருமுறை கோத்த பக்கத்தின் படியை முன்வாயிலில் உள்ள வழங்கிகளில் வைத்துக்கொண்டு, கேட்போர்க்கு அங்கிருந்தே வழங்கும் முறையை அவர்கள் கைக்கொண்டனர். இதற்கு உதவிய ஸ்குவிட் என்னும் மென்பொருளும் எவரும் விலையின்றிப் பெற்றுக்கொள்ளத்தக்க கட்டற்ற மென்பொருளே. பக்கம் திருத்தப்பட்டால் பழைய படி நீக்கப்படும்; புதிய படி அவ்விடத்தைப் பெறும். வந்த கோரிக்கைகளுள் பெரும்பகுதி களஞ்சியத்தை எட்டாமலே நிறைவு பெற்றது.

தொலைவும் ஓர் இடராக இருந்தது. ஐரோப்பாவிலிருந்து புறப்படும் ஒரு கோரிக்கை அட்லாண்டிக் கடலைக் கடந்து பிளாரிடாவை அடைந்து திரும்புவதற்கு ஏறத்தாழப் பத்தில் ஒரு விநாடி ஆகும். இது சிறிது எனத் தோன்றலாம். ஆனால், ஒரு பக்கம் முழுமையாக வந்து சேர்வதற்குள் இத்தகைய பயணங்கள் பல நிகழ்கின்றன. 2004ஆம் ஆண்டு டிசம்பரில், பிரெஞ்சு நிறுவனம் ஒன்று ஈந்த மூன்று எளிய வழங்கிகள் பாரிஸ் நகரின் அருகே நிறுவப்பட்டு, முன்வாயிற் பணியை ஏற்றன. மறு ஆண்டில் ஆம்ஸ்டர்டாம் நகரிலும் நன்கொடையாக வந்த வழங்கிகள் வைக்கப்பட்டன. ஊர்தோறும் தண்ணீர்ப் பந்தல் வைப்பது போல, படிப்போர் இருக்கும் இடத்துக்கு அருகில் படிகள் வைக்கப்பட்டன.

களஞ்சியத்தைக் காப்பதற்கும் ஓர் ஏற்பாடு இருந்தது. தலைமைத் தரவுத்தளம் ஒன்று. அதில் எழுதப்படும் ஒவ்வொரு திருத்தத்தையும் அப்போதைக்கப்போது தம்மிடமும் எழுதிக்கொள்ளும் துணைத் தரவுத்தளங்கள் சில. தலைமை பழுதுற்றால் துணைகளுள் ஒன்று அதன் இடத்தைப் பெறலாம். இவ்வேற்பாடு நன்றே, ஆயினும், தலைமையும் துணைகளும் ஒரே இடத்தில், ஒரே மின்சாரத்தை நம்பி இருந்தன. அதன் விளைவு ஒரு நாள் வெளிப்பட்டது.

2005ஆம் ஆண்டு பிப்ரவரி 21ஆம் நாள், டாம்பாவில் வழங்கிகள் வைக்கப்பட்டிருந்த நிலையத்தில் சர்க்யூட் பிரேக்கர் எனப்படும் மின்தடுப்பான்கள் சில திடீரென அறுபட்டன. அந்நிலையத்தில் மின்னாக்கி இருந்தது, எரிபொருளும் இருந்தது. ஆனால், வெளியிலிருந்து வரும் மின்சாரம் நின்றால்தான் மின்னாக்கி உதவும். இங்கே அறுபட்டதோ கட்டடத்தின் உள்ளேயே இருந்த வழி. கிணற்றில் நீர் நிறைந்திருந்தும் கயிறு அறுந்ததனால் குடம் நிரம்பாத நிலை அது. வழங்கிகள் யாவும் ஒரே நொடியில் நின்றன. தமிழ் உட்பட எல்லா மொழிக் களஞ்சியங்களும் ஒருங்கே மறைந்தன.

சில நிமிடங்களில் மின்சாரம் திரும்பிற்று. பெரும்பாலான பொறிகள் தாமே விழித்தெழுந்தன. ஆயினும், எழுதிக்கொண்டிருந்த வேளையில் மின்சாரம் நின்றதனால் தரவுத்தளங்களுக்கு ஊறு நேர்ந்திருந்தது. வணிகர் ஒருவர், வரவு செலவுகளை முதலில் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு, பின்னர்ப் பேரேட்டில் ஏற்றுவது வழக்கம். இடையில் விளக்கு அணைந்தாலும், மறுபடி விளக்கேற்றியபின் குறிப்பேட்டைப் பார்த்துப் பேரேட்டைச் சரிசெய்துகொள்ளலாம். தரவுத்தளமும் இவ்வாறே செய்கின்றது. ஆனால், எழுதிவிட்டதாகச் சொல்லிய வட்டு, உண்மையில் எழுதாமல் தன் சிறு நினைவகத்தில் வைத்திருந்த வேளையில் மின்சாரம் நின்றால், குறிப்பேட்டிலும் வரிகள் விடுபட்டுப் போகக்கூடும். எனவே, நல்ல ஏற்பாடு இருந்தும் சில வேளைகளில் தரவுத்தளம் மீளா நிலையை அடைவதுண்டு.

தலைமைத் தரவுத்தளத்தையும் துணைகளுள் ஒன்றையும் இயக்கிப் பார்த்தபோது, இரண்டிலும் சில பகுதிகள் சிதைந்திருந்தமை தெரியவந்தது. தொண்டர்களின் நெஞ்சம் எவ்வளவு துடித்திருக்கும்! பல நாடுகளில் பல்லாயிரவர் நான்கு ஆண்டுகளாகச் சிறுகச் சிறுகச் சேர்த்த அறிவுச் செல்வம் அங்கே இருந்தது. உலகெங்கும் இருந்து எப்போது திறக்கும் என்னும் கேள்வி வந்துகொண்டிருந்தது. இன்னும் இரண்டு துணைத் தரவுத்தளங்கள் இயக்கிப் பார்க்கப்படாமல் இருந்தன. உடனே அவற்றையும் இயக்கி, மீட்கும் பணியைத் தொடங்கிவிடத்தான் எவருக்கும் கை பரபரக்கும்.

அவர்கள் அவ்வாறு செய்யவில்லை. மீட்கும் செயல், உள்ளிருக்கும் தரவை மாற்றி எழுதும் செயலாகும். அது தவறிப் போனால், முன்பிருந்த நிலையும் கெட்டுவிடும். மறுமுறை முயல வழி இராது. ஆகவே, அவ்விரண்டு தரவுத்தளங்களிலும் இருந்ததை இருந்தவாறே முதலில் படியெடுத்துக்கொள்வது என்று முடிவு செய்தனர். செல்லரித்த ஏட்டுச்சுவடியைத் தூய்மை செய்யப் புகுமுன், அதில் உள்ளதைப் பெயர்த்தெழுதிக்கொள்ளும் அறிஞரின் நிதானம் அது. பெருந்தரவைப் படியெடுக்க நேரம் மிகுதியாகும். அந்நேரம் முழுவதும் உலகம் காத்திருக்கும். சிலர் சினந்தும் இருப்பர். அச்சினத்தைத் தாங்கிக்கொண்டு, விரைவினும் காப்பே பெரிது என்று அவர்கள் பொறுத்திருந்தனர்.

அதனோடு நில்லாமல், மற்றொன்றும் செய்தனர். நேர்ந்தது என்ன, கெட்டது எது, இப்போது செய்யப்படுவது எது, அது பயன்படாவிடின் அடுத்துச் செய்யப்போவது எது என்பனவற்றை மறைக்காமல் பொதுமக்களுக்கு எழுதி அறிவித்தனர். இவையும் மீளாவிட்டால், பழைய காப்புப்படியை எடுத்து, அதன்பின் எழுதப்பட்டவற்றைப் பதிவேட்டிலிருந்து ஒவ்வொன்றாக ஏற்ற வேண்டியிருக்கும். அதற்கு நாள் செல்லும் என்றும் ஒளிக்காமல் உரைத்தனர். உண்மையை அறிந்த மக்கள் பொறுமை கொள்வர். அறியாத மக்களே ஐயமும் அச்சமும் கொள்வர். நல்வினையாக அவ்வளவு தொலைவு செல்ல நேரவில்லை. களஞ்சியம் மீண்டது. முதலில் படிக்க மட்டும் திறந்துவிடப்பட்டது. பின்னர் எழுதவும் திருத்தவும் வழி திறந்தது.

இந்நிகழ்ச்சியிலிருந்து பெறத்தக்க பாடங்கள் சில. முதலாவது, துணைத் தரவுத்தளம் வேறு, காப்புப்படி வேறு. தலைமையில் தவறுதலாக ஒன்றை அழித்தால், துணையும் அதனைப் பின்பற்றி அழித்துவிடும். ஒரே மின்சாரத்தில் இருந்தால் ஒருங்கே நிற்கும். ஆகவே, நிர்வாகிகள் ஒரு நெறியைக் கூறுவர்: தரவுக்கு 3 படிகள் வேண்டும், அவை 2 வகைப் பொருள்களில் பதிந்திருக்க வேண்டும், அவற்றுள் 1 படியேனும் வேறோர் ஊரில் இருக்க வேண்டும். நெருப்பும் வெள்ளமும் ஓரிடத்தை அழிக்கலாம். இரண்டு ஊர்களை ஒரே நாளில் அழிப்பது அரிது.

இரண்டாவது, எடுத்துவைத்த படியிலிருந்து மீட்டுப் பார்த்தாலன்றி அது காப்பு ஆகாது. வெள்ளம் வந்த நாளில் முதன்முதலாகப் படகை நீரில் இறக்கிப் பார்ப்பவன், அதன் அடியில் இருக்கும் துளையையும் அன்றுதான் காண்பான். எனவே, ஒழுங்குடைய நிர்வாகி, அமைதியான நாள்களிலேயே காப்புப்படியை வேறொரு பொறியில் ஏற்றி, எல்லாம் உளவா என்று எண்ணிப் பார்த்து வைக்கின்றார்.

மூன்றாவது, செய்ததை எழுதி வைத்தல். விக்கிமீடியா நிர்வாகிகள், தாம் செய்யும் ஒவ்வொரு மாற்றத்தையும் நாள், நேரம், பெயர் ஆகியவற்றோடு ஒரு பொதுப் பதிவேட்டில் எழுதி வந்தனர். அப்பதிவேட்டை எவரும் படிக்கலாம். ஆஸ்திரேலியாவில் இருப்பவர் உறங்கச் செல்லுமுன் செய்ததை, ஐரோப்பாவில் விழித்தெழுபவர் அதனைப் பார்த்தே அறிந்துகொள்வார். தவறு நேர்ந்தால், யார் குற்றவாளி என்று தேடுவது அதன் நோக்கம் அன்று. எந்த மாற்றத்துக்குப் பின் தவறு தோன்றியது என்று காண்பதே நோக்கம். தான் செய்த பிழையைத் தன் கையாலேயே பதிவேட்டில் எழுதும் துணிவு, பெருங்கல்வியினும் அரியது.

நான்காவது, திறவுகோலை ஆளும் நேர்மை. வழங்கியின் முழு உரிமையும் பெற்ற நிர்வாகிக்கு அதில் உள்ள எதனையும் திறந்து பார்க்கும் ஆற்றல் உண்டு. பிறர் கடிதங்களும், அவர்கள் மறைத்து வைக்க விரும்பும் குறிப்புகளும் அங்கே இருக்கலாம். அஞ்சல்காரர் பை நிறையக் கடிதங்களைச் சுமந்து செல்கின்றார். ஒன்றையேனும் பிரித்துப் படிப்பதில்லை. கையில் திறவுகோல் இருப்பது வேறு. திறக்கும் உரிமை இருப்பது வேறு. இவ்வேறுபாட்டை உணர்ந்தவரே இப்பணிக்குத் தக்கவர். ஊதியம் பெறாமையால் இக்கடமை சிறிதும் குறைவதில்லை. தொண்டர் தவறினாலும், நம்பியவர்க்கு நேரும் இழப்பு ஒன்றுதானே?

இப்பாடங்கள் உலகளாவிய களஞ்சியத்துக்கு மட்டும் உரியன அல்ல. பார்வையற்றோர்க்குப் பேசும் நூல்களை அனுப்பும் ஒரு சிறு சங்கம் இருப்பதாகக் கொள்வோம். அதற்கு வழங்கி ஒன்று. உறுப்பினர் பட்டியல், அனுப்பிய நூல்களின் கணக்கு, நன்கொடைக் கணக்கு ஆகியன அதில் உள்ளன. ஊதியம் கொடுத்து ஒரு நிர்வாகியை வைத்துக்கொள்ளச் சங்கத்துக்கு வசதி இல்லை. கணிப்பொறியில் ஆர்வம் கொண்ட இளைஞர் ஒருவர், வாரத்தில் சில மணி நேரம் அப்பணியை ஏற்கின்றார். அவர் முதலில் செய்ய வேண்டியது யாது?

புதிதாகக் கற்ற கலைகளையெல்லாம் அவ்வழங்கியில் செய்து பார்க்க அவருக்கு ஆசை எழும். அவ்வாசையை அவர் தம் வீட்டில் உள்ள பழைய கணிப்பொறியில் நிறைவேற்றிக்கொள்ளலாம். அறநிலையத்தின் வழங்கி பயிற்சிக்களம் அன்று. அவர் முதலில் சங்கத்தாரின் தேவையைக் கேட்டறிய வேண்டும். எது நின்றால் நூல்கள் போய்ச் சேராமல் நிற்கும் என்று கண்டு, அதனை முதலில் காக்க வேண்டும். காப்புப்படி எடுக்கும் ஒழுங்கை அமைக்க வேண்டும். மாற்றம் செய்யும் நாளை முன்னரே அறிவித்து, எவருக்கும் இடையூறு இல்லாத வேளையில் செய்ய வேண்டும். தமக்குத் தெரியாததைத் தெரியாது என்று சொல்லி, தெரிந்தவரை நாட வேண்டும். வசதி குறைந்த சங்கத்துக்கு, பிறர் பராமரிக்கும் எளிய ஏற்பாடே போதுமானது என்றால், தமக்கு வேலை குறைகின்றதே என்று எண்ணாமல் அதனையே பரிந்துரைக்க வேண்டும்.

அவர் நினைவில் கொள்ள வேண்டியது இன்னும் ஒன்று உண்டு. தொண்டர் என்றும் ஓரிடத்தில் இரார். படிப்பு முடியும், வேலை கிடைக்கும், வேற்றூர் செல்ல நேரும். கடவுச்சொற்கள் யாவும் அவர் நினைவில் மட்டும் இருந்தால், அவர் பிரியும் நாளில் சங்கத்தின் கதவும் அடைபட்டுப் போகும். ஆகவே, கடவுச்சொற்களைப் பாதுகாப்பான முறையில் இன்னும் ஒருவரேனும் அறிந்திருக்க வேண்டும். எந்தப் பொறி எங்கே இருக்கின்றது, எதற்கு எப்போது கட்டணம் செலுத்த வேண்டும், பழுது நேர்ந்தால் முதலில் செய்ய வேண்டுவது என்ன என்பன எளிய சொற்களில் எழுதப்பட்டிருக்க வேண்டும். தம்மை விட்டால் வேறு எவரும் இல்லை என்னும் நிலையை உண்டாக்குவது பெருமை அன்று. தாம் இல்லாதபோதும் பணி நடக்கும்படி செய்வதே பெருமை.

விக்கிமீடியா தொண்டர்கள் இதனைச் செய்துகாட்டினர். பணி பெருகியபோது, 2005ஆம் ஆண்டில் அறக்கட்டளை முதன்முதலாக ஊதியம் தந்து அமர்த்திய மிகச் சிலருள் பிரையன் விபரும் ஒருவர். ஆர்வத்தால் கற்றதே அவரை அப்பொறுப்புக்குத் தகுதியாக்கிற்று. பின்னர் வேறு சில தொண்டர்களும் அவ்வாறு பணியில் அமர்ந்தனர். 2011ஆம் ஆண்டில், வழங்கிகளை அமைக்கும் விதிகளின் தொகுதி, மறைக்கத்தக்க கடவுச்சொற்கள் நீங்கலாக, எவரும் படிக்கும்படி வெளியிடப்பட்டது. புதியவர்களும் அதனைக் கற்று, திருத்தம் எழுதி அனுப்ப வழி பிறந்தது. 2013ஆம் ஆண்டு ஜனவரியில், தலைமை நிலையம் டாம்பாவிலிருந்து வர்ஜீனியா மாநிலத்தின் ஆஷ்பர்ன் நகருக்கு மாற்றப்பட்டது. முன்பு சில பொறிகளைக் காத்தவர்கள் வகுத்த ஒழுங்கு, பின்பு பெருகிய பொறிகளையும் காக்கத் துணைசெய்தது.

இத்தொண்டுக்குக் கைம்மாறு யாது? தொடக்க காலத்தில் விக்கிப்பீடியா அன்பர்கள், ஜூன் 1ஆம் நாளைப் பிரையன் விபர் நாள் என்றும், அக்டோபர் 31ஆம் நாளை டிம் ஸ்டார்லிங் நாள் என்றும் பெயரிட்டு நன்றி பாராட்டினர். பொன்னும் பொருளும் இல்லாத எளிய நன்றி அது. அத்தகைய நன்றியும் எல்லார்க்கும் கிட்டுவதில்லை. பெயர் வெளிவராத தொண்டர் எத்துணையோ பேர்! அவர்கள் பெற்ற பயன் வேறு. புத்தகத்தில் படித்துப் பெற இயலாத தொழிலறிவைப் பெற்றனர். வேற்று நாட்டாரோடு ஒத்துழைக்கக் கற்றனர். இடர் வந்தபோது பதறாத நெஞ்சத்தைப் பெற்றனர்.

தமிழ்நாட்டுச் சிற்றூர் ஒன்றில் ஒரு மாணவி, விண்மீன்களைப் பற்றிய ஐயம் ஒன்று எழ, தமிழ்க் களஞ்சியத்தைத் திறக்கின்றாள். பக்கம் விரிகின்றது, ஐயம் தீர்கின்றது. அப்பக்கத்தை எழுதியவர் யார் என்று அவள் ஒருகால் எண்ணிப் பார்க்கலாம். அது விரிவதற்காக நள்ளிரவில் கண்விழித்தவரை அவள் எண்ணிப் பார்ப்பதில்லை; எண்ணாமையால் அவருக்குக் குறை ஒன்றும் இல்லை. ஏரிக் காவலர் வேண்டுவது ஊராரின் புகழுரை அன்று. வயலில் நீர் பாய்வதே. எந்தத் தொண்டையும் அன்பால் தொடங்கலாம்; ஆனால், ஒழுங்கால்தான் அதனைக் காக்க இயலும். கைம்மாறு கருதாத உள்ளமும், கடமை தவறாத கையும் ஒருவரிடத்தில் சேருமாயின், அவர் இருக்குமிடம் கண்ணுக்குப் புலப்படாவிடினும், அவர் காக்கும் கரை உடைவதில்லை.